பூமியின் ஈர்ப்பை அளக்கும் வேலை: என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: மகள் பிளஸ் டூ, முதல் குரூப். செயற்கைக்கோளை வைத்துப் பூமியின் ஈர்ப்பையும் காற்றையும் அளக்கிற வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். சொந்தபந்தம் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் போடச் சொல்கிறார்கள். இப்படி ஒரு வேலை உண்மையிலேயே இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. ஆனால் ராக்கெட், கவுன்ட்டவுன் என்று உங்கள் மகள் மனத்தில் ஒரு படம் இருந்தால் அது இந்த வேலை இல்லை. இங்கே பெரும்பாலான நாள் கணினி முன்னால்தான். வந்த தரவில் எது ஈர்ப்பு, எது இரைச்சல் (வேண்டாத கலப்பு) என்று பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

விமானத்திலிருந்து அளப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஈர்ப்பை அளக்கும் அலகு மில்லிகேல்; பூமியின் ஈர்ப்பு சுமார் 9,80,000 மில்லிகேல். அதில் தேடுவது, தரைக்கடியில் தாது இருப்பதைக் காட்டும் ஒன்றிரண்டு மில்லிகேல் வித்தியாசம். விமானம் குலுங்கும்போது அந்தக் குலுக்கலே பல்லாயிரம் மில்லிகேலாகக் கருவியில் பதிவாகும். ஜிபிஎஸ் மூலம் விமானத்தின் முடுக்கத்தைத் தனியாகக் கணக்கிட்டு அதைக் கழிக்கிறார்கள். பூமியின் சுழற்சி இன்னொரு தலைவலி. நம் ஊர் அகலாங்கில் நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் கிழக்கே பறந்தால், ஈர்ப்பு ஆயிரம் மில்லிகேலுக்கு மேல் குறைவாகக் காட்டும். வேகக் கணக்கில் நொடிக்கு 10 சென்டிமீட்டர் பிசகினாலே ஒன்றரை மில்லிகேல் போச்சு. மிச்சமிருக்கும் இரைச்சலைக் குறைக்க 100 நொடிக்கு ஒரு சராசரி எடுத்தால், அதற்குள் விமானம் 7 கிலோமீட்டர் போயிருக்கும். அதைவிடச் சிறிய தாதுப் படிவம் அந்தச் சராசரியிலேயே கரைந்துவிடும். எவ்வளவு வடிகட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்று முடிவெடுப்பவருக்குத்தான் சம்பளம்.

செயற்கைக்கோளிலும் இதே கதைதான். 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்பது இரட்டைச் செயற்கைக்கோள்கள். சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகத் துருவப் பாதையில் பறந்தன. கீழே நிறை அதிகமான இடம் வந்தால் முன்னால் போவது முதலில் இழுபடும், இடைவெளி மாறும். அந்த மாற்றத்தை மைக்ரோமீட்டர் அளவில் மைக்ரோவேவ் வைத்து அளந்தார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதியில் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்தது என்ற கணக்கு இப்படி வந்ததுதான்.

அந்த உயரத்தில் இருக்கும் மெல்லிய காற்றும் கோளை உரசி இடைவெளியை மாற்றும். அந்த உரசலை அளந்து கழிப்பதற்கென்றே உள்ளே ஒரு முடுக்கமானி உண்டு. ஈர்ப்பு ஆய்வாளர் கழித்து ஒதுக்கும் அந்த எண்தான் மேல் வளிமண்டல ஆய்வாளருக்குக் காற்றடர்த்தித் தரவு. ஜிபிஎஸ் சிக்னல் காற்றில் வளைவதும் அப்படித்தான்: நிலஅளவைக்காரருக்குப் பிழை, வானிலைக்காரருக்கு வெப்பநிலையும் ஈரப்பதமும். ஆகவே ஈர்ப்பா காற்றா என்று உங்கள் மகள் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். இரண்டுக்கும் அடிப்படைப் படிப்பு ஒன்றுதான்: இயற்பியல், கணிதம், நிரல் எழுதுவது.

எந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் ஜியோபிசிசிஸ்ட் (புவி இயற்பியலாளர்) ஆக யூபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வை எழுத வேண்டும். அதற்கு இயற்பியலிலோ புவி இயற்பியலிலோ எம்.எஸ்சி. தேவை. பி.இ. மட்டும் முடித்தவர் எழுத முடியாது. இஸ்ரோவின் பொதுவான சயின்டிஸ்ட்-இன்ஜினியர் தேர்வு இதற்கு நேர் எதிர்: மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ.க்காரர்களுக்கானது, குறைந்தது 65 சதவீதம் வேண்டும். எம்.எஸ்சி. படித்தவர் இஸ்ரோ மையங்கள் தனித்தனியாக வெளியிடும் அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வழியிலும் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 56,100 ரூபாய், படிகள் தனி.

என் பரிந்துரை: ஜேஇஇ அட்வான்ஸ்டில் நல்ல ரேங்க் வந்தால் திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம் (ஐஐஎஸ்டி). வராவிட்டால் நல்ல கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வு எழுதி மும்பை அல்லது தன்பாத் ஐஐடியில் புவி இயற்பியல். பொறியியல்தான் என்று வீட்டில் முடிவானால், கிண்டி பொறியியல் கல்லூரியின் ஜியோஇன்பர்மேட்டிக்ஸ் (நிலத் தரவைக் கணினியில் கையாளும் படிப்பு) பொருத்தமானது. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தாலும் பாதை அடைபடாது. கேட் தேர்வில் ஜியோமேடிக்ஸ் (நிலஅளவை) தாள் எழுதி எம்.டெக். போகலாம். ஆனால் நான்கு வருடமும் கணிதத்தைக் கைவிடக் கூடாது. பெயரில் 'ஸ்பேஸ்' இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு தனியார் கல்லூரிப் படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள்.

ஆராய்ச்சிப் பக்கம் போனால் இடங்கள் உண்டு. காற்றுக்கு திருப்பதி அருகே கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம், விமானத்தில் மேகங்களை ஆராயும் புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் (ஐஐடிஎம்). ஈர்ப்புக்கு ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் (என்ஜிஆர்ஐ). ஆராய்ச்சி மாணவருக்கான ஜேஆர்எஃப் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ஆனால் பிஎச்.டி. முடிய ஐந்து வருடம் ஆகலாம், அதுவரை நிரந்தர வேலை கிடையாது. குடும்பத்துக்கு உடனே வருமானம் தேவை என்றால் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். விமான அளவைத் தனியார் நிறுவனங்களில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை. காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் பறக்க வேண்டும், வாரக்கணக்கில் வெளியூர்.

கல்லூரி முதல் வருட விடுமுறையில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஜெர்மனியின் ஜிஎஃப்இசட் புவி ஆய்வு நிறுவனம் நடத்தும் ஐசிஜிஇஎம் என்ற ஈர்ப்புத் தரவுத் தளத்தில் கிரேஸ் மாதாந்தரக் கோப்புகள் இலவசம். ஒரு மாதத்திலிருந்து பல வருடச் சராசரியைக் கழித்து, பைத்தான் நிரல்மொழியில் வரைபடம் போடச் சொல்லுங்கள். வடக்கு-தெற்காகக் கோடு கோடாக வரும். கோள்கள் அந்தத் திசையில் மட்டுமே ஒன்றையொன்று அளப்பதால் வரும் குறை அது. 300 கிலோமீட்டர் ஆரத்தில் சுற்றுப்புறச் சராசரி எடுத்து மென்மையாக்கினால் கோடுகள் பெருமளவு குறையும். கோப்பில் உள்ள எண்களில், பூமியின் தட்டைத்தன்மையைக் குறிக்கும் சி-20 என்ற குணகத்தைக் கிரேஸ் சரியாக அளப்பதில்லை. வேறு செயற்கைக்கோள்களைத் தரையிலிருந்து லேசரால் அளந்து பெறும் மதிப்பை அங்கே பதிலாகப் போட வேண்டும். 2017 நடுவிலிருந்து 2018 நடுவரை தரவே இல்லை. அந்த இடைவெளியைக் கோடு போட்டு இணைத்துவிடக் கூடாது. வரைபடத்தில் அந்த வடக்கு-தெற்குக் கோடுகளைப் பார்த்ததும் சலிப்பு வந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே இருக்கட்டும். ஏன் வருகிறது என்று இரவெல்லாம் தேடினால், உறவினர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.