வட்டப் பாடத்தில் வெண்கலக் கடல்

அன்பான ஐயாவுக்கு, ஸ்தோத்திரம்.

தென் மாவட்டத்தில் அரசு உதவிபெறும் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் 6, 7 வகுப்புகளுக்குக் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன். இந்த வருடம் முதல் ஒவ்வொரு பாடக்குறிப்பிலும் ஒரு வேதவசனம் இருக்க வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்கள். ஒளிச்சேர்க்கைக்கு “நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்” என்று எழுதினேன். வட்டத்தின் சுற்றளவுக்கு 1 இராஜாக்கள் 7:23, சாலொமோன் ராஜா வார்ப்பித்த ‘வெண்கலக் கடல்’ என்னும் வட்டமான பெரிய தண்ணீர்த்தொட்டி. ஒரு பையன் எழுந்து, “அகலம் பத்து முழம், சுற்றளவு முப்பது முழம்னா பை 3 தானே டீச்சர்? புக்ல 3.14ன்னு போட்டிருக்கே?” என்றான். பேச்சை மாற்றிவிட்டேன். வகுப்பில் பாதிக்கு மேல் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். வசனத்தைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது, எந்த அளவுக்குச் சேர்க்கலாம்?

— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையன் கேட்டது நல்ல கேள்வி. அதை வைத்தே ஒரு பாடவேளை நடத்தலாம்.

சரியாக 40 செ.மீ. நீளத்தில் ஒரு குச்சி வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் வகுப்பின் ‘முழம்’. மைதானத்தில் ஒரு முளை அடித்து, 1.92 மீட்டர் கயிற்றால் வட்டம் போடுங்கள். இந்த அளவைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். குறுக்கே குச்சியால் அளந்து, கிட்டத்தட்ட எத்தனை முழம் என்று முழு எண்ணில் சொல்லச் சொல்லுங்கள். ஒன்பதரைக்குச் சற்று மேலே வரும், பத்து என்பார்கள். பிறகு கோட்டின்மேல் நூலைப் படியவைத்து, அந்த நூலை நீட்டி அளக்கட்டும். முப்பதும் கொஞ்சமும் வரும், முப்பது என்பார்கள். வசனத்தில் இருக்கிற அதே இரண்டு எண்கள். இப்போது டேப்பைக் கொடுத்து செ.மீ.யில் அளக்கச் சொல்லுங்கள்: விட்டம் 384, சுற்றளவு ஏறக்குறைய 1206. வகுத்தால் 3.14. வட்டம் ஒன்றுதான், அளவுகோல் மாறியதில் விடை மாறிவிட்டது. தோராயமாக்கிய இரண்டு எண்களை வகுத்தால் பிழை எவ்வளவு பெருகும் என்பதைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இது கெட்டுப்போகிற இடங்கள் மூன்று. கயிற்றைச் சரியாக 2 மீட்டர் எடுத்தால் விட்டம் சுத்தமாகப் பத்து முழம் ஆகிவிடும், சுற்றளவு 31 என்று வரும், எண்கள் பொருந்தாது. ஒவ்வொரு பிள்ளையும் தன் முழங்கையால் அளந்தால் அளவு ஆளுக்கொன்றாகிவிடும், ஆகவே குச்சி ஒன்றே இருக்கட்டும். நைலான் கயிறு இழுத்தால் நீளும், சணல் நல்லது. நூலை மறக்காதீர்கள். நம் பழைய மொழிபெயர்ப்பே “முப்பதுமுழ நூலளவு” என்றுதான் சொல்கிறது.

இந்தப் பயிற்சி எதைக் காட்டுகிறது என்பதிலும் நிதானம் வேண்டும். பத்தும் முப்பதும் ஒருங்கே நேர்மையான அளவுகளாக இருக்க முடியும், அவ்வளவுதான். எழுதியவருக்கு பை தெரிந்திருந்தது என்று இதிலிருந்து சொல்ல முடியாது. 26ஆம் வசனத்தில் தொட்டியின் கனம் நாலு விரற்கடை என்று வருவதால், பத்து முழம் வெளிவிட்டம், முப்பது முழம் உட்சுற்றளவு என்று விளக்குவோரும் உண்டு. முழத்துக்கு 24 விரல் என்று கொண்டு கணக்குப் போட்டால் உட்சுற்றளவு 30.37 முழம் வரும். கெட்டிக்காரப் பிள்ளைக்கு இதை வீட்டுப்பாடமாகக் கொடுக்கலாம், ஆனால் இதுதான் விடை என்று அடித்துச் சொல்லாதீர்கள். அதே தொட்டி இரண்டாயிரம் குடம் பிடிக்கும் என்று இங்கே இருக்கிறது, 2 நாளாகமம் 4:5இல் மூவாயிரம். வீட்டில் வேதாகமம் வாசிக்கிற பிள்ளை அதையும் கேட்கும்.

ஒளிச்சேர்க்கைக்கு நீங்கள் எழுதியதோ வேறு வகை. வசனத்திலும் பாடத்திலும் ‘ஒளி’ என்ற சொல் வருகிறது, அதற்குமேல் இரண்டுக்கும் உறவில்லை. அந்த வசனத்தை எடுத்துவிட்டால் பாடத்தில் எதுவும் குறையாது. பாடத்தை எடுத்துவிட்டால் வசனத்துக்கும் நஷ்டமில்லை. இப்படிப் பசை தடவி ஒட்டுவது, அந்த வசனம் வருகிற யோவான் 8ஐயும் சிறுமைப்படுத்துகிறது என்பது என் எண்ணம். தலைமையாசிரியை கோபித்தாலும் பாடக்குறிப்பில் வசனத்துக்கான கட்டத்தைக் காலியாக விடுவதே மரியாதை.

அறிவியலுக்குச் சரியாகப் பொருந்துவது மத்தேயு 13இல் வரும் விதைக்கிறவன் உவமை: அவன் விதைத்த விதைகள் வழியருகிலும், மண் ஆழமில்லாத கற்பாறையிலும், முள்ளிலும், நல்ல நிலத்திலும் விழுகின்றன. தேங்காய்ச் சிரட்டை நான்கு எடுங்கள், கண்ணைக் குத்தி நீர் வடிய வழி செய்யுங்கள். ஒன்றில் களிமண்ணை நனைத்து, அடித்து இறுக்கிக் காயவிடுங்கள், அது வழியருகு. இரண்டாவதில் ஜல்லி நிரப்பி மேலே ஒரு விரல் கனத்துக்கு மட்டும் மண். மூன்றாவதில் நல்ல மண்ணில் ஒரு பிடி கேழ்வரகை ஐந்து நாள் முன்னதாகவே நெருக்கமாக விதைத்துவிடுங்கள், அதுதான் முள். நான்காவதில் வெறும் நல்ல மண். ஒவ்வொன்றிலும் பத்துக் கடுகு, ஒரே அளவு தண்ணீர், வெயில் படும் இடம். தினமும் முளைத்த எண்ணிக்கையையும் உயரத்தையும் அட்டவணையில் குறிக்கட்டும்.

இரண்டாவது சிரட்டையைத்தான் கவனிக்கச் சொல்ல வேண்டும். கடுகு அதில் முளைத்துவிடும், ஆனால் வேர் இறங்க இடமில்லை, ஈரமும் நிற்காது. மண் ஆழமில்லாததால் சீக்கிரம் முளைத்து, வெயில் ஏறினபோது வேரில்லாமல் உலர்ந்தது என்று உவமையே வரிசையாகச் சொல்கிறது. வகுப்பில் பெரும்பாலும் இது பலிக்காமல் போவதற்குக் காரணம் பிள்ளைகளின் பாசம்! வாடுகிறதே என்று யாராவது தண்ணீர் ஊற்றிவிடுவார்கள், அல்லது சிரட்டைகள் வராந்தா நிழலிலேயே இருக்கும். முளைத்து நாலைந்து நாள் ஆனதும் நான்குக்கும் ஒருசேரத் தண்ணீரைக் குறையுங்கள். ஒன்றுக்கு மட்டும் குறைத்தால் அது சோதனையே இல்லை. இறுகிய மண்ணில் போட்ட கடுகை எறும்போ மைனாவோ கொண்டுபோனால் விரட்ட வேண்டாம், அட்டவணையில் எழுதட்டும்.

அதே அதிகாரத்தில் வரும் இன்னொரு உவமையில் கடுகு “சகல விதைகளிலும் சிறிது” என்று வரும். ஆர்க்கிட் விதை தூசியளவுதான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே பேச்சு வயலில் விதைக்கிறவர்களோடு, தாவரவியல் அட்டவணை அல்ல.

நிறை அளக்கும் பாடத்துக்கு நீதிமொழிகள் 11:1 போதும்: “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்.” கடைக்காரரின் எடைக்கல்லில் இருக்கிற அரசு முத்திரையைக் காட்டுங்கள், ‘சுமுத்திரை’க்கு அகராதி தேவைப்படாது. பொருளையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்து மறுபடி நிறுக்கச் சொன்னால் கைநீளம் சமமில்லாத தராசு பிடிபட்டுவிடும். விகிதத்துக்கு மத்தேயு 20, திராட்சத்தோட்டக் கூலி. 12, 9, 6, 3, 1 மணி நேரம் உழைத்த ஐவருக்கும் ஒரே பணம் என்றால் மணிக்கு என்ன கூலி? கணக்கு முடிந்ததும் “அநியாயம்” என்று வகுப்பே கத்தும். கதையில் முதலில் வந்தவர்களும் அப்படித்தான் முறுமுறுத்தார்கள் என்று சொல்லி, அன்று அதோடு விட்டுவிடலாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சிறுபான்மையினர் தங்கள் பள்ளியை நடத்தும் உரிமை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவில் இருக்கிறது. 28(3)ஆம் பிரிவு அதன் எல்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எவரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ சம்மதமின்றிப் பங்கெடுக்க வைக்கக்கூடாது, சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். மறைக்கல்வி நேரத்தில் மற்றப் பிள்ளைகளை நன்னெறி வகுப்புக்கு அனுப்பிவிடலாம். கணக்கு வகுப்பிலிருந்து எழுந்துபோகப் பிள்ளைக்கு வழியில்லை. ஆகவே அங்கே வசனம் அளந்து பார்க்கவும் கேள்வி கேட்கவும் ஒரு வாசகமாக வரலாம், விசுவாச அறிக்கையாக வரக்கூடாது. “நாம் நம்புகிறோம்” என்று சொல்லாமல் “கிறிஸ்தவர்களின் வேதத்தில் இப்படி இருக்கிறது” என்று தொடங்குங்கள். பிள்ளைகளை வசனத்தை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், அதற்கு மதிப்பெண் வேண்டவே வேண்டாம். வாசிப்பதை நீங்களே வாசியுங்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு, பழைய மொழிபெயர்ப்பின் நடைக்குப் பழகாத பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். தராசுக்கும் நூலளவுக்கும் மட்டும் பழையதே ருசி.

தலைமையாசிரியையிடம் இல்லை என்று போய் நிற்க வேண்டாம். பருவத்துக்கு நான்கு பாடங்களைச் செயல்பாட்டோடு எழுதி எடுத்துப்போய், மற்றப் பாடங்களுக்கு அந்தக் கட்டத்தை விட்டுவிட அனுமதி கேளுங்கள். முடிந்தால் அவர்களையே மைதானத்துக்குக் கூப்பிட்டு, நூலின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள்.