பின்வரிசையில் இருந்தவருக்கு ஒன்றும் இல்லையா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் லண்டனில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். போன மாதம் என் மகனை முதல்முறையாக ஒரு பெரிய உதைபந்தாட்டப் போட்டிக்குக் கூட்டிப் போனேன். அவனுக்குப் பன்னிரண்டு வயது. எங்களுக்குப் பின்வரிசையில் ஒருவர் இருந்தார், நாற்பத்தைந்து வயதிருக்கும். அவருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் பிள்ளை. எதிரணியில் எங்கள் பக்கமாக ஓடி விளையாடிய ஒரு பொடியனை அவர் தொடக்கத்திலிருந்தே திட்டிக்கொண்டிருந்தார். தாயைப் பற்றி, பிறப்பைப் பற்றி, எழுத முடியாத சொற்கள். எழுபதாவது நிமிடம் போல அந்தப் பொடியன் கார்னர் அடிக்க வந்தான். இவர் எழும்பி நின்று இன்னும் உரக்கக் கத்தினார். அவன் திரும்பிப் பார்த்துக் கையால் ஒரு கெட்ட சைகை காட்டினான். முழு கேலரியும் கொதித்து எழும்பியது.

அடுத்த நாள் எல்லா இடத்திலும் அந்தச் சைகைதான் பேச்சு. சிறுவர்கள் பார்க்கிறார்கள், முன்மாதிரியாக இருக்க வேண்டாமா என்று. என் நண்பரும் அதையேதான் சொல்கிறார்: "கிழமைக்கு அவ்வளவு உழைக்கிறான், பொறுத்துக்கொள்ளத்தான் வேணும்." மகன் கேட்டது வேறு. "அப்பா, பின்னால இருந்த ஆளுக்கு ஒண்டும் இல்லையா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ரசிகர்களைவிட வீரர்களிடம் கூடுதல் ஒழுக்கத்தை எதிர்பார்ப்பது நியாயமா?

க., லண்டன்

அன்புள்ள க.,

உங்கள் மகனுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பின்வரிசை மனிதருக்கும் ஏதாவது நடந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் அவரை எழுப்பி வெளியே அனுப்பியிருக்க வேண்டும். அது நடக்காதது தவறு என்று பையனிடம் தயங்காமல் சொல்லுங்கள். அந்த வீரருக்கு அபராதமோ தடையோ வந்தால் அதுவும் சரிதான் என்றும் சொல்லுங்கள். ஒருவரைப் பிடித்துத் தண்டித்தாயிற்று, ஆகவே இன்னொருவரை விட்டுவிடலாம் என்று கணக்கு முடிப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

லண்டனில் இருப்பதால் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1995 ஜனவரி 25, புதன்கிழமை இரவு. கிரிஸ்டல் பேலஸும் மான்செஸ்டர் யுனைடெட்டும் ஆடுகின்றன. இரண்டாம் பாதி தொடங்கிச் சில நிமிடங்களிலேயே, பேலஸின் ரிச்சர்ட் ஷாவை உதைத்ததற்காக யுனைடெட்டின் பிரெஞ்சு வீரர் எரிக் கன்டோனாவுக்குச் சிவப்பு அட்டை. உடைமாற்றும் அறைக்குப் போகும் வழி அந்த மைதானத்தில் ஒரு மூலையில் இருக்கிறது. அதனால் அவர் கோட்டை ஒட்டி, கேலரிக்கு முன்னாலேயே நடந்து போக வேண்டியிருந்தது. மேலே உட்கார்ந்திருந்த இருபது வயது இளைஞர் ஒருவர் பதினொரு வரிசை இறங்கி ஓடிவந்து, விளம்பரப் பலகை ஓரமாக நின்று அவரைப் பார்த்துக் கத்தினார். கன்டோனா திரும்பினார். பலகைக்கு மேலே பாய்ந்து அந்த இளைஞரை நெஞ்சில் உதைத்தார். எழுந்து குத்தவும் செய்தார்.

இதில் என் மனதில் நிற்பது அந்தப் பதினொரு வரிசைதான். கேலரியில் இடம் மாறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்திருப்பவர்களின் முழங்கால்களைத் தாண்ட வேண்டும், ஒருவர் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், படிகளில் தடுமாறாமல் இறங்க வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் நின்று, சரி போதும் என்று திரும்பிவிட வாய்ப்பிருந்தது. கன்டோனாவுக்கு அப்படி யோசிக்கக் கிடைத்தது ஓரிரண்டு நொடி. ஆனால் முப்பது வருடமாக நாம் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது அந்த உதையைத்தான்.

கன்டோனா செய்தது குற்றம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய கிளப் அந்தப் பருவம் முடியும்வரை அவரை விலக்கி வைத்து 20,000 பவுண்டு அபராதம் போட்டது. இங்கிலாந்து கால்பந்து சங்கம் தடையைச் செப்டம்பர் இறுதிவரை நீட்டித்து மேலும் 10,000 பவுண்டு விதித்தது. எட்டு மாதம் அவர் எங்கும் ஆட முடியவில்லை. யுனைடெட் அந்த வருடம் லீக் பட்டத்தைப் பிளாக்பர்னிடம் ஒரே ஒரு புள்ளியில் இழந்தது. இதெல்லாம் தொழில் கொடுத்த தண்டனை, நியாயமானதுதான். ஒரு ஆட்டக்காரர் கேலரிக்குள் பாயலாம் என்றால் எந்தத் தகப்பனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

அப்புறம் வழக்கு கிராய்டன் நீதிமன்றத்துக்குப் போனது. நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கே இரண்டு விதமான பதில் கிடைத்தது. முதலில் விசாரித்த மாஜிஸ்திரேட், நீங்கள் பிரபலமானவர், எத்தனையோ இளைஞர்கள் உங்களை அண்ணாந்து பார்க்கிறார்கள், அந்தக் காரணத்தாலேயே சிறைதான் தகுந்த தண்டனை என்று சொல்லி இரண்டு வாரம் விதித்தார். மேல்முறையீட்டில் வந்த நீதிபதி அதை ஏற்கவில்லை. அந்தஸ்து எதுவானாலும் செய்த குற்றத்தின் கடுமைக்குத்தான் தண்டனை, பிரபலம் என்பதற்காக ஒருவரை எடுத்துக்காட்டாக ஆக்கக் கூடாது என்பது அவர் நிலை. சிறைக்குப் பதில் 120 மணி நேரம் சமூக சேவை. சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து கன்டோனா அதை முடித்தார்.

நான் இரண்டாவது நீதிபதி பக்கம். கிளப்பும் சங்கமும் ஆட்டக்காரரிடம் கூடுதலாகக் கேட்கலாம். அவர் அந்தத் தொழிலின் விதிகளுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர். ஆனால் மனிதனுக்கு மனிதன் காட்ட வேண்டிய மரியாதையை அளக்கும்போது, மைதானத்துக்கு ஒரு படி, கேலரிக்கு ஒரு படி என்று வைக்கக் கூடாது.

அந்த இளைஞர் என்ன ஆனார் என்று உங்கள் மகன் கண்டிப்பாகக் கேட்பான். சீக்கிரமே குளிக்கப் போகிறாய் என்ற மாதிரி, வெளியேற்றப்பட்ட வீரரைக் கிண்டல் செய்யும் ஏதோ ஒன்றைச் சொன்னேன், அவ்வளவுதான் என்று அவர் சாதித்தார். நீதிமன்றம் நம்பவில்லை. மிரட்டும் விதமாகப் பேசி நடந்துகொண்டதாகத் தீர்ப்பானது. 500 பவுண்டு அபராதம், ஒரு வருடம் மைதானங்களுக்குள் வரத் தடை. தீர்ப்பைக் கேட்டதும் அரசு வழக்கறிஞர்மீது பாய்ந்ததற்குத் தனியாக ஏழு நாள் சிறை. இது நடந்தது 1996 மே மாதம். அதற்குள் கன்டோனா தடை முடிந்து திரும்பி வந்து, யுனைடெட் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வாங்கும் பருவம் வந்துவிட்டது. அந்த இளைஞருக்குத் தண்டனையே கிடைக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கிடைத்தது. ஒன்றேகால் வருடம் தாமதமாகக் கிடைத்ததால் யார் நினைவிலும் நிற்கவில்லை.

இனி உங்கள் நண்பருடைய வாதம். எனக்குக் கோபம் வருவது இதில்தான். சம்பளம் வாங்குகிறான், பொறுத்துக்கொள்ளட்டும் என்கிறார். அந்தச் சம்பளம் பந்து ஆடுவதற்குக் கொடுப்பது. தாயைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நிற்பதற்கு என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்காது. பணம்தான் காரணம் என்றால், பணமே இல்லாத இடத்தில் வசை இருக்கக் கூடாது அல்லவா? உங்கள் ஊரிலேயே ஞாயிற்றுக்கிழமை பூங்காக்களில் நடக்கும் ஆட்டங்களைப் போய்ப் பாருங்கள். நடுவருக்குக் கிடைப்பது கைச்செலவுக்குக் காணும் தொகை. அவரைத் திட்டுவதும் அடிப்பதும் தாங்காமல்தான் 2023இல் கால்பந்து சங்கம் கீழ்மட்ட லீக் நடுவர்களின் உடம்பில் கேமரா மாட்டி அனுப்பிப் பார்க்கத் தொடங்கியது. திட்டுகிறவர் யாருடைய சம்பளத்தையும் பார்ப்பதில்லை. திருப்பி ஒன்றும் செய்ய முடியாத ஆள் கிடைத்தால் போதும்.

எனக்கு இது தெரியும், ஏனென்றால் நானும் திட்டியிருக்கிறேன். கல்லூரியில் படித்தபோது ஒரு மாவட்ட லீக் ஆட்டம். வெளியூர் அணியின் கோல்கீப்பர் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். நாங்கள் ஏழெட்டுப் பேர் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் அந்தக் காலைப் பற்றியே கத்தினோம். அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. மாலையில் பேருந்து நிலையத்து டீக்கடையில் அவர் தனியாக நின்றிருந்தார். வலது கையில் இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணிக்கிழிசலால் கட்டியிருந்தார். டீ டம்ளரை மற்ற விரல்களால் ஒரு மாதிரி வளைத்துப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து, "தம்பி, கடைசி பஸ் எத்தனை மணிக்கு? காலையில ஆறு மணிக்கு மில்லுல ஷிப்டு" என்று கேட்டார். அவர் முகம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் முகம் அவருக்குத் தெரியாது, அவர் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம்தான் நாங்கள். நான் நேரத்தைச் சொன்னேன். வேறெதையும் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பிறகு கேலரியில் நான் யாரையும் அப்படிக் கத்தியதில்லை. ஆனால் அன்று கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு இன்றுவரை பாக்கிதான்.

2020 மார்ச்சில் டாட்டன்ஹாம் அணி எஃப்ஏ கோப்பையில் நார்விச்சிடம் பெனால்டியில் தோற்ற இரவில், அந்த அணியின் வீரர் எரிக் டயர் இருக்கைகளைத் தாண்டிக் கேலரிக்குள் ஏறி ஒரு ரசிகரைத் தேடிப் போனார். அந்த ஆள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். டயரின் தம்பியும் அதே கூட்டத்தில் இருந்தார். யாரையும் அவர் அடிக்கவில்லை. நான்கு ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் வந்தன. அன்று பயிற்சியாளராக இருந்த மொரின்யோ சொன்னதன் சாரம் இது: தொழில்முறை ஆட்டக்காரர்கள் செய்யக் கூடாததை எரிக் செய்தார், ஆனால் அவர் இடத்தில் இருந்தால் நம்மில் யாரும் அதைத்தான் செய்திருப்போம். இதைவிட நேர்மையாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வீரரிடம் கூடுதலாகக் கேட்பது முழுக்க நியாயமாக இருக்கும் இடங்களும் உண்டு. பந்தயம் கட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களோ நானோ ஒரு ஆட்டத்தின்மீது ஐந்து பவுண்டு கட்டினால் அது நம் பாடு. 2014 ஆகஸ்டிலிருந்து அங்கே தொழில்முறை வீரர்கள் உலகில் எங்கு நடக்கும் கால்பந்து ஆட்டத்திலும் பந்தயம் கட்டக் கூடாது. 232 மீறல்களுக்காக 2023இல் பிரென்ட்ஃபோர்ட் அணி வீரர் ஐவன் டோனிக்கு எட்டு மாதத் தடை வந்தது. சூதாட்டப் பழக்கத்துக்கு அடிமையாகியிருந்தவர் என்பதால் அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. பந்தய நிறுவனத்தின் பெயரை அவர் நெஞ்சில் எழுதி ஓடவிட்டவர்கள்மேல் அது இல்லை. ஆனாலும் விதி சரியான விதி. முடிவை மாற்றும் பலம் வீரர் காலில் இருக்கிறது, அறைக்குள் பேசும் ரகசியம் அவர் காதில் இருக்கிறது. அந்தப் பலம் நம்மிடம் இல்லாததால் அந்தக் கட்டுப்பாடும் நமக்கு வேண்டியதில்லை.

திட்டுவதற்கு அப்படி எந்தத் தனிப் பலமும் வேண்டாம். வாய் எல்லாருக்கும் இருக்கிறது. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பிரான்சின் ஜிடேன் இத்தாலியின் மட்டராசியைத் தலையால் முட்டியதை உலகமே பார்த்தது. ஃபிஃபா ஜிடேனுக்கு மூன்று ஆட்டத் தடை விதித்தது, பேசித் தூண்டிய மட்டராசிக்கும் இரண்டு ஆட்டம் கொடுத்தது. களத்துக்குள் வாயும் குற்றவாளி என்று ஏற்றுக்கொண்டவர்கள், அதே வாய் கேலரியில் இருந்தால் அதை ஆர்வம் என்கிறோம், ஆட்டத்தின் சூடு என்கிறோம்.

ஸ்பெயினில் ஒரு மாற்றம் தெரிகிறது. 2023 மே 21 அன்று வலென்சியாவின் மெஸ்தாயா மைதானத்தில் ரியல் மாட்ரிட்டின் கறுப்பின வீரர் வினிசியஸ் ஆட்டத்தை நிறுத்தி, தன்னைக் குரங்கு என்று கத்தியவரை விரலால் சுட்டிக் காட்டினார். பத்து நிமிடத்துக்குக் கிட்ட ஆட்டம் நின்றது. அன்றைக்கும் கடைசியில் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனவர் அவர்தான், பிறகு அதை ரத்து செய்தார்கள். அடுத்த வருடம் ஜூனில் மூன்று ரசிகர்களுக்கு எட்டு மாதச் சிறையும் இரண்டு வருட மைதானத் தடையும் விதிக்கப்பட்டன. கால்பந்து மைதானத்தில் இனவெறி வசைக்காக அந்த நாட்டில் வந்த முதல் தண்டனைத் தீர்ப்பு அது. அந்த அளவுச் சிறைத்தண்டனைக்கு முதல் தடவையில் அங்கே பொதுவாக உள்ளே போக வேண்டியதில்லை. இருந்தாலும் கேலரியின் இருட்டிலிருந்து மூன்று முகங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், தவறாக நினைக்காதீர்கள். எழுபது நிமிடம் அந்த மனிதர் கத்தியபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. ஒன்றும் செய்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்தில் பிள்ளை, பின்னால் பெரிய உடம்பு, வந்த நாட்டில் எதற்கு வம்பு என்ற தயக்கம். எனக்குப் புரிகிறது. அவரோடு நீங்கள் மோத வேண்டாம். இப்போது அங்கே நிறைய மைதானங்களில் இருக்கை எண்ணைக் குறிப்பிட்டுக் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு எண் வைத்திருக்கிறார்கள், நின்ற இடத்திலிருந்தே அனுப்பலாம். மஞ்சள் மேலங்கி போட்ட ஊழியரிடம் போய்ச் சொன்னாலும் கேட்பார்கள்.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது அந்த எண்ணை உங்கள் மகனையே கண்டுபிடித்து அவன் போனில் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பின்வரிசைக்காரர் பக்கத்தில் இருந்த சின்னப் பிள்ளை அன்று என்ன செய்துகொண்டிருந்தது என்று அவனுக்கு நினைவிருக்கிறதா? இருந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்