குளோரினில் 18.5 நியூட்ரான் வருகிறதே?

அரை நியூட்ரான் கிடையாது. குளோரின்-35 அணுவில் 18, குளோரின்-37 அணுவில் 20. இப்படி நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணு வகைகள்தான் ஐசோடோப்புகள். கேள்வி எந்த ஐசோடோப்பைக் கேட்கிறதோ அதற்குரியதுதான் விடை.

35.5-லிருந்து அணு எண் 17-ஐக் கழித்திருப்பீர்கள், சிக்கல் அங்கேதான். தனிம வரிசை அட்டவணையில் போட்டிருக்கும் 35.5 எந்தத் தனி அணுவுக்கும் உரியதல்ல. இயற்கையில் கலந்து கிடைக்கும் இரண்டு ஐசோடோப்புகளின் சராசரி. நிறை எண்ணிலிருந்துதான் (புரோட்டான், நியூட்ரான் இரண்டின் கூட்டுத்தொகை) கழிக்க வேண்டும், அது எப்போதும் முழு எண்.

இயற்கையில் குளோரின்-35 75.8%, குளோரின்-37 24.2%. சராசரியை நீங்களே போட்டுப் பாருங்கள்: (35 × 0.758) + (37 × 0.242) = 35.48.

ஐசோடோப்பு குறிப்பிடாத கேள்வி என்றால் அருகிலுள்ள முழு எண்ணை எடுக்கச் சொல்வார்கள். புரோமினில் அந்த வழி கவிழ்த்துவிடும்: 79.9-ஐ 80 ஆக்கி அணு எண் 35-ஐக் கழித்தால் 45 நியூட்ரான் வரும். இயற்கைப் புரோமினில் இருப்பவையோ 79, 81 இரண்டும்தான். நியூட்ரான்கள் 44, 46.