இலங்கைக் கடற்கரைக்கு எந்த மாதம் போகலாம்?

கேள்வி: 7 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். சென்னையிலிருந்து ஐந்து நாள் இலங்கைக்குப் போய்க் கடற்கரையில் இருந்துவிட்டு வர ஆசை. தேடினால் எல்லா இடத்திலும் "டிசம்பர் முதல் மார்ச் வரை" என்றே வருகிறது. எங்களுக்கு லீவு மே மாதம்தான். போகலாமா, அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிடலாமா?

பதில்:

தள்ள வேண்டாம், மே மாதமே போங்கள். தென்மேற்குக் கரையில் இருக்கும் பெந்தோட்டைக்குப் பேக்கேஜ் யாராவது காட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிழக்குக் கரையில் திருகோணமலைப் பக்கம் அறை பாருங்கள்.

"டிசம்பர் முதல் மார்ச்" என்பது பாதி விடைதான். குளிருக்குத் தப்பி ஓடிவரும் ஐரோப்பியர்கள் அதிகம் போவது தெற்கு, மேற்குக் கரைகளுக்கு. அந்தக் கரைக்கான மாதத்தையே தீவு முழுவதுக்கும் எழுதி வைத்துவிட்டார்கள். இலங்கையில் மாதத்தை முதலில் பிடித்துக்கொண்டு கரையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். குறுக்கே 220 கிலோமீட்டர் அகலம்தான், ஒரு கரையில் கடல் கொந்தளிக்கும்போது மறு கரை குளம்போலக் கிடக்கும்.

காரணம் எளிது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அது கொழும்பு, காலி, மாத்தறைக் கரைகளில் நேராக மோதி, நடுவில் இருக்கும் 2,500 மீட்டர் உயர மலைகளில் ஏறும்போது மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்ட காற்றாக இறங்குகிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே ஜூன் மாதத்தில் தூத்துக்குடியில் வெறும் புழுதி பறக்குமே, அதே கணக்கு. மட்டக்களப்பில் இந்த வறண்ட காற்றைக் கச்சான் என்பார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கதை தலைகீழ்: வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வந்து திருகோணமலை, மட்டக்களப்புக் கரைகளை அடிக்கும், தெற்குக் கரை மறைவில் இருக்கும். இடையில் மார்ச்-ஏப்ரல், அக்டோபர்-நவம்பர் என்று இரண்டு இடைப்பருவங்கள். இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை இப்படித்தான் நான்காகப் பிரிக்கிறது.

மாதவாரி மழை அட்டவணையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஜூன் மாதம் பெந்தோட்டையில் மூன்று நாள் நல்ல வெயிலே அடிக்கலாம், ஆனாலும் மணலில் சிவப்புக் கொடி நிற்கும், பிள்ளைகள் ஹோட்டல் நீச்சல் குளத்திலேயே கிடக்க வேண்டியிருக்கும். கடலில் இறங்க முடியுமா என்பதைக் காற்றின் திசையும் தெற்கே பெருங்கடலிலிருந்து உருண்டு வரும் அலையும்தான் முடிவு செய்கின்றன. அந்த மாதங்களில் தென்மேற்குக் கரையில் அலை கரையோரத்திலேயே உடைந்து காலை வாரும். உடைந்த நீர் திரும்பக் கடலுக்குள் போகும் வழியில், ஆளை உள்ளே இழுக்கும் ஓட்டம் உருவாகும். களனி, களு, ஜின், நில்வளா கங்கைகள் மழைநீரோடு சேறும் கொண்டு வந்து சேர்ப்பதால் தண்ணீரும் கலங்கிப்போகும். மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகுகளுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் பருவம். ஜூனில் ஹிக்கடுவையில் முருகைக்கல் (பவளப்பாறை) பார்க்கக் கடலில் இறங்கினாலும் ஒரு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது.

இனி உங்கள் மே மாதம். நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா மூன்றும் அப்போது நல்ல நிலையில் இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாசிக்குடாவே முதல் தேர்வு. வளைந்த குடா, வெளியே பாறைத்திட்டு, நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் அங்கே கடலும் ஹோட்டலும் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை, மூன்றாம் நாள் பெரியவர்களுக்குச் சலித்துவிடும். நிலாவெளியில் தங்கினால் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாமலைத் தீவு என்று நாளுக்கொன்று இருக்கிறது. உங்கள் இரண்டு பிள்ளைகளின் வயதுக்கு நிலாவெளியில் மூன்று இரவு, போகும் வழியில் தம்புள்ளை அல்லது ஹபரணையில் ஓர் இரவு சரியாக வரும். விமான நிலையம் கட்டுநாயக்கவில், நீர்கொழும்பை ஒட்டி இருக்கிறது. அங்கிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குக் காரில் ஐந்தரை, ஆறு மணி நேரம். ஒரே மூச்சில் போனால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள்.

இந்த வழிக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மே நடுவில் வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவானால் தென்மேற்கு மாவட்டங்கள் வெள்ளத்திலும் மண்சரிவிலும் மாட்டிக்கொள்ளும். 2003, 2016, 2017 மூன்று ஆண்டுகளிலும் மே மாதத்தில் அதுதான் நடந்தது. குருநாகல் பாதை பெரும்பாலும் சமதரை. நுவரெலியாவையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று வீட்டில் கேட்பார்கள். ஐந்து நாளில், அதுவும் மே மாதத்தில், வேண்டாம்.

நிலாவெளியில் ஒரு நாள் எப்படி ஓடும் என்று தெரிந்துகொண்டால் திட்டமிடுவது சுலபம். காலை 6 மணிக்குக் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் இருக்கும். 10 மணிவரை அப்படியே. அதற்குமேல் காற்று எழும், மதியம் வெப்பம் 35 டிகிரியைத் தொடும், கச்சான் அடிக்கும் நாளில் மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மாலை 4 மணிக்குமேல் மறுபடி இறங்கலாம். அதனால் கடல் வேலை எல்லாம் காலையிலேயே. புறாமலைக்கு 7, 7.30 மணிக்குள் படகேறிவிடுங்கள், கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். அது தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. படகுக்கு மொத்தமாகத்தான் பேசுவார்கள், இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்தால் பாதியாகும். கரையோரம் முழுக்க உடைந்த முருகைக்கல் துண்டுகள் கிடக்கும், செருப்பு கழன்றுவிடும். பின்பக்கம் பட்டி வைத்த ரப்பர் செருப்பு அல்லது பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு இறங்குங்கள். உயிருள்ள முருகைக்கல்மேல் நிற்கக்கூடாது, கீறல் பட்டால் லேசில் ஆறாது. கரும்புள்ளிச் சுறாக் குட்டிகள் ஆழமில்லாத இடத்திலேயே சுற்றும், மனிதரைக் கண்டால் விலகிப் போய்விடும். 10 மணிக்குமேல் வரும் கூட்டம் மணலைக் கிளப்பிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது.

கிழக்குக் கரையில் மே முதல் செப்டம்பர் வரை பலர் யோசிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி அடிக்கும். கரையோரம் அலையே இல்லாமல் தட்டையாக இருப்பதும் அதனால்தான். அந்தக் காற்றில், ஊதிய மெத்தையிலோ டியூபிலோ மிதக்கும் பிள்ளை ஐந்து நிமிடத்தில் கை எட்டாத தூரத்துக்குப் போய்விடும். கரையிலிருந்து பார்த்தால் கடல் சாதுவாகத்தான் தெரியும். மதியத்துக்குப் பிறகு காற்றடைத்த சாமான் எதையும் தண்ணீரில் விடாதீர்கள். விட்டே ஆகவேண்டுமென்றால் கயிறு கட்டி, மறுமுனையைப் பெரியவர் கையில் வைத்திருங்கள். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்காரர்கள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குவிவதும் இதே காற்றால்தான். தெற்கிலிருந்து வரும் நெடிய அலையை எதிர்க்காற்று சீவி ஒழுங்காக்கிவிடும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அந்த ஊர் தோதுப்படாது.

மற்ற லீவுகளுக்கும் சொல்லிவிடுகிறேன், பதிலைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

அரையாண்டு லீவு, அதாவது கிறிஸ்துமஸ் வாரம் என்றால் தெற்கு. உனவட்டுனை, மிரிஸ்ஸ, ஹிக்கடுவை. கடல் நன்றாக இருக்கும், விலைதான் இருக்காது. டிசம்பர் 20 தொடங்கிப் புத்தாண்டு முடியும்வரை ஐரோப்பியக் கூட்டத்தோடு போட்டி போட வேண்டும். அதே அறை பொங்கல் லீவில் கணிசமாகக் குறைந்துவிடும், கடல் இன்னும் அடங்கியிருக்கும். லீவு பிரச்சினை இல்லாதவர்களுக்கு ஜனவரி கடைசி முதல் மார்ச் நடுவரை தெற்குக் கரையை அடிக்க ஆளில்லை. அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு மாத்தறையை ஒட்டிய பொல்ஹேன நல்லது, பாறைத்திட்டு அலையைத் தடுத்துவிடும். இதே மாதங்களில் நிலாவெளிக்குப் போனால் மூடிய கடைகளும், கொட்டியாரக் குடாவில் மகாவலி கொண்டு வந்து கொட்டிய செந்நீரும்தான் மிச்சம்.

ஏப்ரலில் இரண்டு கரையும் பரவாயில்லை. பிற்பகலில் இடியோடு ஒன்றிரண்டு மணி நேரம் மழை பெய்து ஓய்ந்துவிடும். இடி கேட்டவுடன் தண்ணீரைவிட்டு ஏறிவிட வேண்டும், மற்றபடி பயமில்லை. 13, 14 தேதிகளை மட்டும் தவிருங்கள். சிங்கள, தமிழ்ப் புத்தாண்டுக்கு ஊரே சொந்த ஊருக்குப் போய்விடும். கடைகள் அடைப்பு, பேருந்தில் இடமிருக்காது, டிரைவர் கிடைப்பதே கஷ்டம்.

காலாண்டு லீவு செப்டம்பர் கடைசியில் விழுந்தால் இன்னும் கிழக்குதான். ஹபரணை வழியாகப் போகும்போது மின்னேரியாக் குளத்தில் யானைக்கூட்டம் பார்க்கவும் அது ஏற்ற காலம்.

தீபாவளி லீவுக்குக் கடற்கரை வேண்டாம். அக்டோபர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மழை. நவம்பர், டிசம்பர் வங்கக்கடல் புயல்களின் காலம்: 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் துடைத்துப் போட்டது, 2000 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கியது, 2025 நவம்பர் கடைசியில் டிட்வா நாடு முழுவதையும் வெள்ளத்தில் தள்ளியது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலை நம்பித் திட்டம் போடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. 2023 அக்டோபர் 14ஆம் தேதி தொடங்கிய சேவை, சில நாளிலேயே வடகிழக்குப் பருவத்தைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. யாழ்ப்பாணம் போவதானால் ஜூலை-ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்துப் போங்கள், காரைநகர் கசூரினாக் கடற்கரை ஆழமில்லாதது. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு. காலையில் போய்த் திரும்பிவிடுவது நல்லது, மதியக் காற்றில் வயிற்றைப் புரட்டும்.

தேதி முடிவு செய்யும்போது பௌர்ணமி எது என்று ஒருமுறை பாருங்கள். பௌர்ணமியை அங்கே போயா தினம் என்பார்கள், ஒவ்வொன்றும் அரசு விடுமுறை. அன்று மது விற்பனை கிடையாது, அத்தோடு வார இறுதியும் சேர்ந்தால் உள்ளூர்க் கூட்டம் நிலாவெளியை நிரப்பிவிடும்.

அலைபேசியில் வானிலை பார்க்கும்போது மழைப் படத்தை விட்டுவிட்டு மூன்று எண்களைப் பாருங்கள்: காற்று, அலை உயரம், இரண்டு அலைக்கு இடைப்பட்ட நொடி. விண்டி, விண்ட்குரு என்ற இரண்டு செயலிகளிலும் இவை கிடைக்கும். என் கணக்கு இது: பிள்ளைகள் குளிக்க அலை அரை மீட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு மீட்டர் அலை 6 நொடிக்கு ஒன்று வந்தால் வெறும் சலசலப்பு. அதே ஒரு மீட்டர் 14 நொடிக்கு ஒன்று வந்தால் அது தூரத்திலிருந்து வரும் கனமான அலை, கரையில் இருமடங்காக எழும்பி உடையும், பெரியவரையும் புரட்டும். மணிக்கு 25 கிலோமீட்டருக்குமேல் காற்றிருந்தால் ஸ்நார்கலிங்கை மறுநாளுக்குத் தள்ளுங்கள். கடல்மட்டம் ஏறி இறங்கும் நேரம் (ஓதம்) பார்க்கத் தேவையில்லை. இலங்கைக் கரையில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு.

உள்ளே இழுக்கும் ஓட்டத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கலாம். வரிசையாக அலை உடையும் இடத்தில், நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். அமைதியாக இருக்கிறதே என்று அங்கேதான் போய் இறங்குவார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, பட்டையைத் தாண்டிய பிறகு அலையோடு வர வேண்டும். நீந்தத் தெம்பில்லாவிட்டால் மல்லாந்து மிதந்துகொண்டு கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

அறை பதிவு செய்யுமுன் ஹோட்டலுக்கு ஒரு போன் போடுங்கள், திருகோணமலையில் தமிழிலேயே பேசலாம். "சீசன் எப்படி?" என்று கேட்டால் எல்லா மாதமும் நல்ல சீசன் என்றுதான் பதில் வரும். "இந்த வாரம் புறாமலைக்குப் படகு விடுகிறார்களா?" என்று கேளுங்கள்.