முப்பத்து நாலு வயதில் மாரடைப்பா?

கேள்வி: வயது 34. தோல் தொழிற்சாலையில் வேலை, தினம் ஒரு கட்டு பீடி. நாலு நாளாக மாடிப்படி ஏறினால் நடுநெஞ்சில் எரிச்சல். நின்றால் போய்விடுகிறது. கேஸ் என்று சோடா குடிக்கிறேன். இந்த வயதில் மாரடைப்பு வருமா?
- வாசகர், பேரணாம்பட்டு

பதில்: வரும். ஏறினால் வந்து, நின்றால் அடங்குகிற எரிச்சலை கேஸ் என்று ஒதுக்கவே கூடாது. இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் ஈசிஜி நார்மல் என்றாலும் உடனே வீடு திரும்ப வேண்டாம். இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும், சில மணி நேரம் கழித்து இன்னொரு ஈசிஜியும் கேளுங்கள்.

இள வயதில் முதல் எதிரி புகை. இலையில் சுற்றியது என்பதால் பீடி சாதுவாகிவிடாது. அணையாமல் இருக்க அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டும். அதனால் கார்பன் மோனாக்சைடு அதிகம் உள்ளே போகிறது. ரத்தம் சீக்கிரம் உறையும். இதய ரத்தக் குழாயில் சின்னக் கொழுப்புப் படிவு இருந்தாலே போதும், அதன்மேல் ரத்தக் கட்டி உட்கார்ந்து திடீரென அடைத்துவிடும். இளைஞர்களுக்குப் பெரும்பாலும் ஒரு குழாயில்தான் அடைப்பு. நேரத்தில் திறந்தால் முதியவர்களைவிட நன்றாகவே பிழைக்கிறார்கள். அதன் பிறகும் பீடி தொடர்ந்தால் அந்த லாபம் கரைந்துவிடும். விட்டவர்களுக்கோ, ஓரிரு வருடத்தில் புகையால் கூடிய ஆபத்து ஏறக்குறைய பாதியாகிறது.

அப்பா, அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்குள், அம்மா, அக்கா தங்கைக்கு 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது, இருபது வருடமாகச் சுகர். வலியே இல்லை, மூச்சு வாங்கி, வேர்த்துக் கொட்டியது. மறுநாள் காட்டியபோது மாரடைப்பு என்றார்கள். இந்த வயதில் ஆஞ்சியோ தேவையா?
- வாசகி, குடியாத்தம்

பதில்: நாள்பட்ட சுகர் நரம்புகளை மழுங்கடிப்பதால் வலி தெரியாமல் போகலாம். முதியவர்களுக்குத் திடீர் மூச்சிரைப்பு, வேர்வை, குழப்பம் வந்தாலே ஈசிஜி எடுத்துவிட வேண்டும். அவர்களுக்குப் பல குழாய்களில் அடைப்பும் சிறுநீரகப் பலவீனமும் சேர்ந்திருக்கும், உயிராபத்து கூடுதல். அதனால்தான் சிகிச்சையால் அவர்களுக்கும் பலன் பெரிது. வயதை மட்டும் வைத்து, குழாய் அடைப்பைப் படம் பிடித்துப் பார்க்கும் ஆஞ்சியோ வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின், ஹீமோகுளோபின் அளவுகளைக் கேளுங்கள். அம்மா தானாக நடப்பாரா, சமைப்பாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முடிவெடுக்க அது உதவும்.

கேள்வி: எங்கள் ஊரிலிருந்து வேலூர் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். வலி வந்தால் நேராக அங்கேயே போவதா?
- வாசகர், ஆலங்காயம்

பதில்: பைக்கில் கிளம்பாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பிரின் அலர்ஜியோ ரத்தக் கசிவோ இல்லாவிட்டால் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்க வேண்டும். முழுசாக விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். வீட்டில் இருக்கிறதே என்று ரத்தக் குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வைக்காதீர்கள். பிபி இறங்கியிருந்தால் ஆள் சரிந்துவிடுவார். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகளின் முதல் டோஸ் தருகிறார்கள்.

ஈசிஜி எடுத்து, கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் மருத்துவமனை வழியில் இருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஸ்டென்ட் வைக்கும் இடத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் குழாயைத் திறக்க முடியாது என்றால் ஊசிதான் முதலில். வலி தொடங்கிய முதல் 3 மணி நேரத்தில் பலன் அதிகம், 12 மணி தாண்டினால் பொதுவாகப் போடுவதில்லை. 75 வயதைத் தாண்டியவர்களுக்கு மூளையில் ரத்தக் கசிவு ஆபத்து உண்டு. அவர்களுக்குப் போடும் கரைப்பு ஊசி டெனெக்டிபிளேஸ் என்றால் பாதி டோஸ். ஊசி போட்டதும் வேலூருக்கு மாறிவிடுங்கள். அடைப்பு விலகியிருந்தால் 3 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ, விலகாவிட்டால் உடனே. வலி தொடங்கிய மணியை ஒரு சீட்டில் எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வையுங்கள். ஊசி போடுவதா என்று பார்க்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.