குஞ்சு எங்கே இருக்கிறது?

வணக்கம் அண்ணா,

உப்புவெளியில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். என் தோழி வெளிநாட்டில் கடல் முள்ளெலியின் (உடலெல்லாம் முள்ளுள்ள உருண்டைக் கடலுயிர்) கருவளர்ச்சி பற்றி ஆய்வு செய்கிறாள், அதைத் தமிழில் காணொளியாகவும் போடுகிறாள். திமிங்கிலம் என்றால் ஊரே பார்க்கிறது. முட்டை பிளவுபடுவதைப் பார்க்க ஆளில்லை. பாமர சனத்துக்கு விளங்க இன்னும் எளிமையாக்கச் சொல்லட்டுமா? இசை, நீளம் எப்படி இருக்கவேண்டும்? சோர்ந்துபோய் ஆங்கிலத்துக்கே மாறப் போகிறாளாம்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள தங்கச்சி,

இசையையும் நீளத்தையும் அவளே பார்த்துக்கொள்வாள். ஆங்கிலத்திலும் போடட்டும், அதில் குற்றமில்லை. ஆனால் "பாமர சனம்" என்று வாசித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. கொஞ்ச நாளாக என்னை அரித்துக்கொண்டிருக்கிற விஷயம் அது.

திருக்கடலூரில் கடற்றொழிலாளருக்கு ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. சின்னக் கடலட்டையைப் பிடிக்கக் கூடாது என்று ஓர் அதிகாரி திரையில் படம் போட்டு முக்கால் மணித்தியாலம் கதைத்தார். முடிந்ததும் வயதான சுழியோடி ஒருவர் எழும்பினார். "தம்பி, பெடியனா இருந்த காலம் தொட்டு அட்டைக்குச் சுழியோடுறன். விரலளவுக்குக் குறைஞ்சதை நான் கண்டதே இல்லை. அதின்ர குஞ்சு எங்க இருக்கும்?" "அதெல்லாம் ஆய்வாளர் பார்ப்பினம் ஐயா" என்று சொல்லிவிட்டு அதிகாரி கையெழுத்துத் தாளைச் சுற்றவிட்டார்.

உங்கள் தோழியின் துறையே அந்தக் கேள்விதான். அட்டையும் முள்ளெலியும் முட்தோலிகள் என்ற ஒரே பெரும் பிரிவைச் சேர்ந்தவை. முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிட்டுப் போய்விடும். முள்ளெலி முட்டையை நுணுக்குக்காட்டியில் பாருங்கள். விந்து சேர்ந்த ஒரு நிமிடமளவில் முட்டையைச் சுற்றி ஒரு சவ்வு உப்பி எழும்பும், அதற்குப் பிறகு இன்னொரு விந்து உள்ளே போக ஏலாது. இரண்டு, நாலு, எட்டு என்று பிளந்து வருகிற குடம்பியில், அதாவது இளம்பருவ உயிரில், தாயின் சாயல் துளியும் இராது. கண்ணாடி உடலும் நீண்ட கைகளுமாகக் கிழமைக்கணக்கில் நீரோட்டத்தோடு போகும். குட்டி முள்ளெலி அதன் இடப்பக்கத்தில், உள்ளுக்குள்ளேயே உருவாகிப் பிறகுதான் அடியில் இறங்கும். அட்டைக்கும் மிதக்கிற பருவம் உண்டு. பண்ணைகளில் வளர்க்கிற மணல் அட்டையின் குடம்பி இரண்டு கிழமையளவில் கடற்புல் இலையில் போய் ஒட்டும். மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிற அந்தக் குஞ்சைச் சுழியோடி எப்படிக் காண்பார்? இதை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், புல்லை வாரி இழுக்கிற வலை எதை அழிக்கிறது என்று அவருக்கு வேறு பாடம் தேவைப்பட்டிராது.

1891இல் ஹான்ஸ் டிரீஷ் என்ற ஜெர்மன் உயிரியலாளர் இரண்டு உயிர்க்கலமாய் இருந்த முள்ளெலிக் கருவைக் குலுக்கிப் பிரித்தார். பாதி உடல் வரும் என்று காத்திருந்தவருக்கு முழுக் குடம்பியே கிடைத்தது, அளவில்தான் சிறிது. இந்தக் கதையைச் சொன்னால் எந்த மீன்வாடியில் ஆள் எழும்பிப் போவார்கள்? முழுநிலவுக்கு முள்ளெலியின் உள்ளே சினை நிறைந்திருக்கும் என்பது எகிப்தின் சுயஸ் கரையில் சனங்கள் பேசிக்கொண்ட பேச்சு. மன்ரோ ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் அதைச் சோதித்து, அங்குள்ள நீள்முள் கறுப்பு முள்ளெலிக்கு அது உண்மைதான் என்று 1924இல் எழுதினார். அவர் அந்தச் சனங்களுக்கு எளிமைப்படுத்தப் போகவில்லை, அவர்கள் சொன்னதைக் காதில் வாங்கிச் சோதித்துப் பார்த்தார். உங்கள் தோழியின் காணொளியில் எல்லாம் கண்டுபிடித்து முடிந்த விஷயமாக வருகிறது. யாரோ குழம்பி, கேட்டு, பார்த்துக் கண்டது என்பதைக் காணவில்லை. கேள்வியைத் தூக்கிவிட்டுப் பதிலை மட்டும் நீட்டினால் திமிங்கிலம்தான் வெல்லும்.

நீங்களும்தான், கோபிக்காதீங்கோ. நடந்தால் கடல் வருகிற வகுப்பில் இருந்துகொண்டு பிளவின் படிநிலைகளை மனப்பாடம் செய்விக்கிறீர்கள். மெல்லிய வலைத்துணியில் கடல்நீரை வடித்து அந்தப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டியிருக்கிறீர்களா?

தோழி விடுமுறைக்கு வரும்போது எனக்கு எழுதுங்கோ. கடல் அமைதியாக இருக்கிற மாதமாகப் பார்த்து வரச்சொல்லுங்கோ. பாடசாலை நுணுக்குக்காட்டியைக் கேட்டு வாங்கி வைத்திருங்கோ. அந்தப் பெரியவர் பத்து மணிக்குப் பிறகு கரையில்தான் இருப்பார், நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.