காதல் நாவலிலிருந்து விசுவாச நாவலுக்கு: பிரான்சின் ரிவர்ஸ் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பிரான்சின் ரிவர்ஸ் ஆரம்பத்திலிருந்தே கிறிஸ்தவ நாவல்தான் எழுதினாரா?

பதில்: இல்லை. முதலில் அமெரிக்கப் பொதுச் சந்தைக்குச் சரித்திரக் காதல் நாவல்கள் எழுதிப் பெயர் வாங்கியவர். 1986-இல் இயேசுவை ஏற்றுக்கொண்டார். அதன்பின் சுமார் 3 ஆண்டுகள் அவரால் நாவல் எழுத முடியவில்லை. அந்தக் காலத்தில் வேதத்தைப் படித்தார். பழைய ஏற்பாட்டில் ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம் படித்ததிலிருந்துதான் ‘ரிடீமிங் லவ்’ நாவல் பிறந்தது. 1991-இல் அதை வெளியிட்டது பான்டம் என்ற பொதுப் பதிப்பகம். திருத்திய பதிப்பை 1997-இல் மல்ட்னோமா என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் கொண்டுவந்தது.

கேள்வி: ஓசியாவின் கதை வேதத்தில் சில வசனங்கள்தானே? அதை எப்படி இவ்வளவு பெரிய நாவலாக்கினார்?

பதில்: அந்தச் சுருக்கம்தான் வசதி, தம்பி. 1-ஆம், 3-ஆம் அதிகாரங்களில் சம்பவம் இருக்கிறது. தீர்க்கதரிசி ஒரு பெண்ணை மணக்கிறார், அவள் சோரம் போகிறாள், 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து மீட்கிறார். அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. ரிவர்ஸ் நாவலை நட்டது அந்த மௌனத்தில்தான்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். மாற்றக் கூடாத சம்பவங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். வேதம் பேசாமல் விட்ட இடங்களைப் பக்கத்தில் குறியுங்கள். பிறகு களம் தேடுங்கள். அவர் எடுத்தது 1850-களின் கலிஃபோர்னியா தங்க வேட்டை. ஆண்கள் குவிந்து பெண்கள் அரிதாக இருந்த ஊர்களில், பெண்ணுக்குத் தங்கத்தில் விலை வைத்தது அன்றாட நடப்பு. அதனால் மீட்கும் விலை அங்கே உருவகமாகத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை.

கேள்வி: சிஸ்டர், என் நாவலில் மனந்திரும்பும் காட்சி பிரசங்கம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் அந்தக் காட்சி கதையின் சிக்கலையே தீர்த்துவிடுகிறது. ஜெபம் முடிந்ததும் கடன் அடைகிறது, கணவன் திருந்துகிறான் என்றால் வாசகர் நம்பமாட்டார். காட்சிக்குப் பிறகும் தீராமல் நிற்கும் சிக்கல் எது என்று பாருங்கள். எதுவுமே இல்லையென்றால் அதைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

ரிவர்ஸின் கதையில் விபசார விடுதியிலிருந்து மீட்கப்பட்ட ஏஞ்சல் பலமுறை ஓடுகிறாள். கடைசி முறை கணவன் மைக்கேல் தேடிப் போவதில்லை. அவளுக்கு விசுவாசம் வருவது அவனைவிட்டுத் தூரத்தில், சான் பிரான்சிஸ்கோவில். அவன் வீட்டிலேயே அது நடந்திருந்தால் இரட்சகர் இடத்தில் கணவன் உட்கார்ந்திருப்பான். இந்த நாவலில் நான் மிகவும் மதிக்கும் முடிவு இது.

இன்னொன்று: வசனத்தை யார் வாயில் வைக்கிறீர்கள்? விபசார விடுதியில் வளர்ந்த பெண் சங்கீதத்தை மனப்பாடமாய்ச் சொன்னால் அங்கே பேசுவது நீங்கள்தான். விசுவாசம் இல்லாத பாத்திரத்துக்கும் அவனுடைய வலுவான வாதத்தைக் கொடுங்கள்.

கேள்வி: கிறிஸ்தவப் பதிப்பகம் என்றால் பாலியல், வன்முறை எல்லாம் கூடாதா?

பதில்: விஷயம் கூடும். 1997 பதிப்பிலும் சிறுமி விற்கப்படுவது இருக்கிறது, விடுதி இருக்கிறது. அந்தப் பதிப்பகங்கள் பொதுவாக வெட்டுவது கிளர்ச்சியூட்டும் வர்ணனையையும் கெட்ட வார்த்தைகளையும். கதவு சாத்தும் இடத்தில் காட்சியை நிறுத்துங்கள், மறுநாள் காலை அவள் முகத்தில் தொடங்குங்கள். காயத்தை மட்டும் மழுப்பாதீர்கள்.

கேள்வி: வாம்பயர் (ரத்தக் காட்டேரி) நாவல்கள் எழுதிய ஆன் ரைஸும் இப்படித்தானே?

பதில்: ஓரளவுக்கு. 1998-இல் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பினார். 2005-இல் ஏழு வயது இயேசுவே சொல்வதுபோல ஒரு நாவல் எழுதினார். 2010-இல் கிறிஸ்தவத்திலிருந்து விலகுவதாக அறிவித்தார். தன் பழைய வாம்பயர் நாவல்களை அவர் சந்தையிலிருந்து எடுக்கவில்லை. ரிவர்ஸோ தன் பழைய நாவல்களின் உரிமையை வாங்கி மறுபதிப்பை நிறுத்தினார்.

கேள்வி: அப்படி உரிமையைத் திரும்பப் பெறுவது எப்படி?

பதில்: ஒப்பந்தத்தில், அச்சில் இல்லாத புத்தகத்தின் உரிமை எழுத்தாளருக்குத் திரும்பும் என்ற ஷரத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பதிப்பகத்துக்கு எழுத்து மூலம் கேளுங்கள். மின்னூல் விற்பனையில் இருந்தாலே ‘அச்சில் உள்ளது’ என்று வாதிடுவார்கள். அதனால் புது ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச விற்பனை எண்ணிக்கையைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஷரத்து உதவாவிட்டால், 1978 முதல் எழுத்தாளரே கொடுத்த உரிமைகளுக்கு அமெரிக்கச் சட்டம் 35 ஆண்டுகளுக்குப் பிறகு அவற்றை ரத்து செய்து திரும்பப் பெற ஒரு வழி தருகிறது. வெளியிடும் உரிமை என்றால் வெளியான நாளிலிருந்து 35 அல்லது ஒப்பந்தத்திலிருந்து 40 ஆண்டுகள், எது முந்தியோ அது. ரத்தாகும் தேதிக்கு 2 முதல் 10 ஆண்டுகள் முன்பே நோட்டீஸ் அனுப்பி, அந்தத் தேதிக்குள் காப்புரிமை அலுவலகத்தில் பதியவும் வேண்டும். கூலிக்கு எழுதிக் கொடுத்த படைப்புக்கு இது பொருந்தாது. பழைய புத்தகக் கடையில் கிடக்கும் பிரதிகளை இதனால் தடுக்க முடியாது.